எளிய ஆங்கிலமும் இருமொழி மாணவரும்

மொழியை அறிந்திருப்பது ஒன்று; அம்மொழியில் மன்றத்தின் முன் நின்று பேசுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் பலர். ஆங்கிலத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர், நூறு பேர் முன்னிலையில் மூன்று நிமிடம் பேசும்படி பணிக்கப்பட்டால் நாக் குழறி அமர்ந்துவிடுவதுண்டு. இலக்கணத்தில் இடறும் மற்றொரு மாணவரோ, கூறவந்ததைத் தெளிவாகக் கூறிக் கைதட்டல் பெற்றுச் செல்வதுண்டு. இந்த வேறுபாட்டிற்குரிய காரணத்தை ஆராய்வோர்க்குச் சிங்கப்பூர் நல்லதொரு களமாகும். அங்கு உயர்நிலைப் பள்ளியில் பயிலும் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் இருமொழி மாணவர்.

1960-இல் தொடக்கப் பள்ளிகளிலும், 1966-இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழிக் கல்வி அங்குக் கட்டாயமாயிற்று. 1987-க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாகவும், பாடங்களைப் பயிற்றும் மொழியாகவும் ஆயிற்று. தமிழ், மலாய், சீனம் ஆகியவை தாய்மொழிப் பாடங்களாக நிலைத்தன. ஆகவே, அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்கும் தமிழ் மாணவர், தம் இலக்கியத்தையும் பண்பாட்டையும் தமிழ்ப் பாடவேளையில் கற்கிறார்.

இத்தகைய நாட்டில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடத்துவதன் நோக்கம் என்ன? ஒய்.எம்.சி.ஏ. என வழங்கும் கிறிஸ்தவ இளைஞர் சங்கம் சிங்கப்பூரில் 1902-இல் தோன்றியது. அதன் இல்லம் ஆர்ச்சர்ட் சாலையின் தொடக்கத்தில் உள்ளது. கல்வி அமைச்சின் ஒத்துழைப்போடு இச்சங்கம் மாணவர்க்கென ஒரு போட்டியை நடத்தி வந்துள்ளது. எளிய ஆங்கிலப் பேச்சு விருது என்பது அதன் பெயர்க்குரிய பொருள். ‘எளிய’ என்னும் அடைமொழியே நோக்கத்தை விளக்கிவிடுகிறது. அருஞ்சொற்களை அடுக்குவோர்க்கன்று, கேட்போர் உள்ளத்தில் கருத்தைச் சேர்ப்போர்க்கே அப்பரிசு உரியது என்பது அதன் குறிப்பு. மேடைப் பேச்சுப் பயிற்சிக்கென உலகெங்கும் கிளைத்துள்ள டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றமும், 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் இத்தகையதோர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்திலேயே தோன்றிற்று என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இருவகைப் பேச்சு

இத்தகைய போட்டிகளில் பேச்சு பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று ஆயத்தப் பேச்சு. மற்றது அப்பொழுதே தரப்படும் தலைப்பில் பேசும் திடீர்ப் பேச்சு. முன்னதில் மாணவரின் உழைப்பு புலப்படும். பின்னதில் அவருடைய சிந்தனைப் பழக்கம் புலப்படும். ஆயத்தப் பேச்சை ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தந்து மனப்பாடம் செய்வித்தல் கூடும். திடீர்ப் பேச்சில் அதற்கு இடமில்லை. கிடைத்த சில நிமிடங்களில் தம் கருத்து இன்னதென்று துணிந்து, அதற்கு ஒரு காரணமும் ஓர் எடுத்துக்காட்டும் தேடி, முடிவை ஒரே வாக்கியத்தில் அமைத்துக்கொள்ளும் மாணவரே வெற்றி பெறுவர். வெறும் சொல்வளம் அங்குக் கைகொடுப்பதில்லை. ஒழுங்குபட்ட எண்ணமே கைகொடுக்கும்.

பள்ளித் தேர்வுகளும் இவ்வழியிலேயே திரும்பியுள்ளன. உயர்நிலைப் பள்ளியின் இறுதி ஆண்டு ஆங்கில வாய்மொழித் தேர்வில், 2023 முதல் உரத்து வாசித்தல் என்னும் பகுதி நீக்கப்பட்டது. அதற்கு மாறாக, மாணவர் ஒரு காணொளியைக் கண்டு, பத்து நிமிட ஆயத்தத்தின்பின் இரண்டு நிமிடம் வரை தம் கருத்தை உரைக்கும் முறை வந்தது. பிறர் எழுதியதைப் பிழையின்றி வாசிப்பதினும் தாமே எண்ணிப் பேசுவது மேல் என்பதே இம்மாற்றத்தின் உட்பொருள்.

தமிழ் மாணவர்க்குள்ள இடர்கள்

தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர்க்கு ஆங்கில மேடையில் நேரும் இடர்கள் இரண்டு. முதலாவது ஓசை பற்றியது. தமிழில் நெடிலும் குறிலும் பொருளை வேறுபடுத்தும். ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தி உரைத்தாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தமே உயிர். ‘போட்டோகிராப்’ என்னும் சொல்லில் முதல் அசையில் விழும் அழுத்தம், ‘போட்டோகிராபி’ என்னும்போது இரண்டாம் அசைக்கும், ‘போட்டோகிராபிக்’ என்னும்போது மூன்றாம் அசைக்கும் நகர்ந்து செல்லும். அசைகளையெல்லாம் சம நிறையாக ஒலித்தால் கேட்போர்க்குச் சொல் விளங்கினும் களைப்புத் தோன்றும்.

இரண்டாவது இடர் வாக்கிய அமைப்புப் பற்றியது. தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பது இயல்பு. காரணங்களையும் அடைகளையும் முன்னே நிறுத்தி, முடிவைக் கடைசியில் அவிழ்ப்பது தமிழ் வாக்கியத்தின் அழகு. ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்து வினை வந்துவிடும். விளக்கம் பின்னே தொடரும். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் பெயர்த்துப் பேசும் மாணவர் வாக்கியத்தின் நடுவே சிக்கித் தவிப்பதற்கு இதுவே பெருங்காரணம். பேசும் மொழியிலேயே எண்ணப் பழகுவதன்றி இதற்கு வேறு மருந்தில்லை.

இடரைக் கூறியபின் நலனையும் கூறவேண்டும். தமிழ்க் குழந்தை இளமையிலேயே ஓர் உண்மையை உணர்ந்துவிடுகிறது: வீட்டில் பேசும் தமிழ் வேறு, மேடையிலும் ஏட்டிலும் வழங்கும் தமிழ் வேறு. ‘வந்துட்டாங்க’ என்பது அடுக்களைக்கு உரியது. ‘வந்துவிட்டார்கள்’ என்பது அவைக்கு உரியது. இவற்றுள் ஒன்று உயர்ந்ததும் மற்றது தாழ்ந்ததும் அல்ல; ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. சிங்கப்பூர் ஆங்கிலத்திலும் இதே நிலைமைதான். நண்பர்களிடையே ‘லா’ எனும் அசையைச் சேர்த்து உரையாடும் சிங்கிலீஷ் ஒன்று. உலகோர் யாவர்க்கும் விளங்கும் பொது ஆங்கிலம் மற்றொன்று. 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தை அரசாங்கம் தொடங்கியது இப்பொது ஆங்கிலத்தை வளர்ப்பதற்கே. இடமறிந்து நடையை மாற்றும் பழக்கம் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புதியதன்று. தமிழை நன்கு கற்றவர் ஆங்கில மேடையில் பின்தங்குவர் என்னும் அச்சத்திற்கு ஆதாரமில்லை என்பது இதனால் விளங்கும்.

மேடையின் கொடுக்கல் வாங்கல்

தமிழ் மேடையின் வரலாறும் இதனையே கூறுகிறது. புலவர் அவையும் புராணப் படலமும் நம்மிடையே தொன்றுதொட்டு இருந்தன. ஆயினும் பொதுமக்களை நோக்கி உரைநடையில் தொடர்ந்து சொற்பொழிவாற்றும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிருந்து கண்ட அவர், 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பிற மொழியாளரிடம் கண்ட மேடை முறை தமிழுக்கு ஆக்கமாயிற்று.

எதிர்த்திசையிலும் சான்று உண்டு. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915-இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவின் சிரம்பானில் வளர்ந்த தமிழர். 1965 செப்டம்பர் 21-இல் சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராக ஏற்கப்பட்டபோது, அந்நாட்டின் குரலாக ஆங்கிலத்தில் பேசியவர் அவரே. பிறந்து ஆறு வாரமே ஆன குடியரசின் நிலையை உலகிற்கு உணர்த்த அன்று ஆங்கிலம் கருவியாயிற்று.

ஆயின் கருவி நாளடைவில் வீட்டையே தனதாக்கிக் கொள்வதும் உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் ஆகியோரின் வீடுகளில் மிகுதியாகப் பேசப்படும் மொழி எது என்று மக்கள்தொகைக் கணக்கில் கேட்கப்படுகிறது. ஆங்கிலம் என்று கூறியோர் 2010-இல் 32.3 விழுக்காடு, 2020-இல் 48.3 விழுக்காடு. தமிழ் என்று கூறியோர் அதே காலத்தில் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். ஆகவே ஆங்கில மேடையில் பரிசு பெறும் தமிழ் மாணவரைப் பாராட்டும் பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அதே கருத்தை அதே துணிவோடு பாட்டியிடம் தமிழில் கூற அப்பிள்ளையால் இயலுமா?

இயலச் செய்வதற்கு வழிகள் உள்ளன. வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவில் ஏப்ரல் மாதந்தோறும் நிகழும் தமிழ்மொழி விழாவில் மாணவர்க்கு மேடைகள் அமைகின்றன. சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. 1946-இல் தோன்றி 1982-இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியின் பெயரைத் தாங்கி அது நிற்கிறது. ஆங்கிலப் போட்டிக்கு ஆயத்தமாகும் மாணவர் தம் பேச்சைத் தமிழிலும் ஒருமுறை பேசிப் பார்ப்பாராயின், அது மொழிபெயர்ப்பாய் அமையலாகாது. தமிழின் போக்கில் புதிதாய்ப் பிறந்த பேச்சாய் இருத்தல் வேண்டும். எண்ணத்தில் தெளிவு இருந்ததா, சொற்களின் மயக்கம் மட்டும் இருந்ததா என்பதை அப்போது அவரே கண்டுகொள்வார். ஒரு மொழியில் மட்டும் நிற்கும் கருத்து பெரும்பாலும் சொல்லலங்காரமாகவே இருக்கும். இரண்டிலும் நிற்பதே கருத்து.

ஆர்ச்சர்ட் சாலை ஒய்.எம்.சி.ஏ.வை அடுத்த டோபி காட் நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறினால், அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. அதற்கு அடுத்த ஃபேரர் பார்க்கில் இறங்கினால் உமறுப் புலவர் நிலையத்திற்கு நடந்தே செல்லலாம். இரு மேடைகளுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவே. அதைக் கடக்கும் பழக்கத்தைப் பதினான்கு வயதிலேயே பெறும் பிள்ளைக்கு இரு மொழியும் சுமையாகா, இரண்டும் துணையாகும்.