வரவு, பற்று, சிங்கப்பூர்!

பன்னிரண்டு நிமிடம் பேசுவதற்காக ஒரு மனுஷனை 3,000 கிலோமீட்டர் தாண்டி வரச் சொல்வார்களா? சொன்னார்கள்.

நான் பி.காம். ஆடிட்டராக ஆசைப்பட்டு, அது கைகூடாமல், அடுத்தவர் கணக்கைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைப்பவன். மளிகைக் கடை அண்ணாச்சிகளின் கடன் நோட்டு பற்றி நான் எழுதியது யார் கண்ணிலோ பட்டுவிட்டது. '2024 ஜூலையில் சிங்கப்பூரில் மூன்று நாள் கருத்தரங்கு, வந்து பேசுங்கள்' என்று அழைப்பு. டிக்கெட் அவர்கள் செலவு. ஓட்டல் அவர்கள் செலவு. பேச்சு மட்டும் என் செலவு.

செய்தி தில்லைநகரில் பரவ அரைமணி நேரம் ஆகவில்லை.

"போறதுதான் போறீங்க..." என்று ஆரம்பித்தாள் மனைவி. இப்படித் தொடங்கிய எந்த வாக்கியமும் செலவில்லாமல் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. கோடாலித் தைலம் ஆறு பாட்டில். மாடி வீட்டு மாமிக்கு டார்ச் லைட். மைத்துனனுக்கு வாயில் நுழையாத பெயரில் ஒரு சென்ட். எதிர்வீட்டு சார் மட்டும் எதுவும் கேட்கவில்லை. "சூயிங்கம் கொண்டு போயிடாதீங்க. 1992லேர்ந்தே அங்க தடை" என்று எச்சரித்தார். நான் சூயிங்கம் மென்று எத்தனையோ வருஷமாகிறது. அன்றைக்கென்று மெல்ல வேண்டும் போலிருந்தது.

காமர்ஸ் படித்தவன் சும்மா இருப்பானா? நோட்டை எடுத்து மூன்று பத்தி போட்டேன். வேலை, ஊர் சுற்றல், நண்பன். புதன் முதல் வெள்ளி வரை பகலெல்லாம் கருத்தரங்கு. மாலையெல்லாம் ஊர் சுற்றல். சனி இரவு விமானம். நண்பனுக்கு? சனிக்கிழமை சாயங்காலம் நாலு முதல் ஐந்து வரை. முஸ்தபா கடைக்குப் போகிற வழியில்.

கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. எனக்கு வாழ்க்கையில் எந்தக் கணக்கு முதல் தடவையே சரியாக வந்தாலும் அதில் தப்பு இருக்கும். அப்போது அது உறைக்கவில்லை.

* * *

நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'டேலி'. பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் எங்களுக்கெல்லாம் பங்காளிகள் மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். அவனுக்கு முதல் கூட்டலிலேயே டேலி ஆகிவிடும். அவன் பேப்பரைப் பார்த்துத்தான் நான் பி.காம். தாண்டினேன். (பல்கலைக்கழகத்தார் யாராவது இதைப் படித்தால், இந்த வரி மட்டும் கற்பனை.)

2013ல் அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். 2016ல் நானும் ஒரு டூர் கோஷ்டியில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போனேன். அவனுக்குச் சொல்லவில்லை. 'நேரம் கிடைத்தால் போன் பண்ணலாம்' என்று இருந்தேன். கிடைக்கவில்லை. மெர்லயன் சிலையின் வாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரை நான் அண்ணாந்து குடிப்பதுபோல ஒரு போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். பத்தாவது நிமிடம் அவனிடமிருந்து ஒரு லைக். அவ்வளவுதான். 'ஏன்டா வந்துட்டு சொல்லல?' என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த லைக் என் கணக்கில் பாக்கியாகவே நின்றது.

கிளம்புகிற அன்று உறையூரில் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு பார்சல் கொடுத்தார்கள். எடை பார்த்தேன், மூன்று கிலோ! 'மைத்துனனின் சென்ட்டுக்கு இடம் இருக்குமா?' என்றுதான் என் புத்தி போயிற்று.

"மருமகளும் பேத்தியும் ஸ்கூல் மாத்தணும்னு இங்க வந்துட்டாங்க. அவன் மட்டும் அங்க. போன் பண்ணா சிரிச்சி சிரிச்சிப் பேசறான் தம்பி. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்கள் அம்மா.

வாசல் வரை வந்த அவன் மனைவி, குரலைத் தாழ்த்தி, "ஒரு முழு நாள் அவரோட இருந்துட்டு வாங்கண்ணா" என்றாள்.

"அதுக்கென்னம்மா!" என்றேன். நோட்டில் இருந்தது ஒரு மணி நேரம்.

* * *

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், நள்ளிரவு விமானத்தில் ஏறியவனுக்கு ராத்திரி என்று ஒன்று இல்லாமலே விடிந்துவிடுகிறது. ஓட்டல் லிட்டில் இந்தியாவில். அங்கிருந்து கருத்தரங்கு நடந்த சன்டெக் மண்டபத்துக்கு ரயிலில் மூன்றே ஸ்டேஷன். ஸ்டேஷன் பெயர்ப் பலகைகளில் ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் இருக்கிறது. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. அதைப் படித்துக்கொண்டே நின்று முதல் நாள் ஒரு ரயிலைத் தவறவிட்டேன்.

கருத்தரங்கு என்றால் என்ன? இரண்டு காபி இடைவேளைகளுக்கு நடுவில் யாராவது பேசிக்கொண்டிருப்பது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. முதல் நாள் ஆறு பேர் படம் போட்டுப் பேசினார்கள். எனக்கு மனசில் தங்கியது, காபிக் கோப்பையோடு நின்ற ஒரு மலேசிய அம்மாள் சொன்னதுதான். அவர்கள் ஊரில் கடைக்காரர் கடன் எழுதி வைக்கும் சின்ன நோட்டின் அட்டையில் 555 என்று அச்சடித்திருக்குமாம். அதனால் 'நோட்டில் எழுதிக்கோ' என்பதற்கு '555ல் போட்டுக்கோ' என்பார்களாம். நம்ம அண்ணாச்சிக்கு ஒரு மலாய்ச் சகோதரர்!

சாயங்காலம் ஆனதும் நோட்டுப்படி ஊர் சுற்றல். 'கார்டன்ஸ் பை தி பே' போனேன். 2012ல் திறந்த பூங்கா. 25 முதல் 50 மீட்டர் உயரத்துக்கு இரும்பிலும் கான்கிரீட்டிலும் செயற்கை மரங்கள். மேலே நிஜச் செடிகள் படர்ந்திருக்கின்றன. இருட்டியதும் பாட்டுக்குத் தக்கபடி விளக்குகள் ஆடின. ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்கள். நானோ போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தேன். மரத்தை நான் பார்க்கவில்லை, என் போன் பார்த்தது.

ராத்திரி பத்து மணிக்கு டேலிக்குப் போன் செய்தேன். "சனிக்கிழமை நாலு மணிக்குப் பார்க்கலாமாடா?"

ஒரு நிமிஷம் சத்தமில்லை. அப்புறம் சிரித்தான். "உனக்கு எப்ப சௌகரியமோ அப்ப, மாப்ளே."

அம்மா சொன்ன சிரிப்பு இதுதான். தூக்கம் வரவில்லை. நேர வித்தியாசம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

* * *

வியாழக்கிழமை காலை என் பேச்சு. பன்னிரண்டு நிமிடத்தில் அண்ணாச்சியின் நோட்டை விளக்கினேன். முடிந்ததும் ஒரு சீனப் பெரியவர் எழுந்தார். "உங்கள் ஊர்க்காரர்களின் கணக்குப் புத்தகங்கள் இந்த ஊரிலேயே இருந்தன. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில். பார்த்தீர்களா?"

நான் செயற்கை மரத்தைத்தான் பார்த்திருந்தேன். அசடு வழிந்தேன்.

மதிய இடைவேளையில் டேலிக்குப் போன் போட்டேன். "டேய், மார்க்கெட் ஸ்ட்ரீட் எங்கடா இருக்கு?"

"சிட்டி ஹால்ல ரயில் ஏறு. அடுத்த ஸ்டேஷன் ராஃபிள்ஸ் பிளேஸ். வாசல்ல நிக்கறேன்."

"இப்பவா? வேலை நாளாச்சே!"

"வாடா."

நின்றான். சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தான். கழுத்தில் மட்டும் ஆபீஸ் அடையாள அட்டை இல்லை. அந்த வட்டாரத்தில் அட்டை தொங்காத கழுத்து அது ஒன்றுதான்.

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பார்க்க ஒன்றுமில்லை. கண்ணாடிக் கோபுரங்கள்தான். ஒன்று 280 மீட்டர், 51 மாடி. ஆனால் டேலி அங்கே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கண்ணாடியெல்லாம் மறைந்து ஒரு பழைய தெரு எழுந்து வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே வட்டித் தொழிலுக்கு வந்துவிட்டார்கள். இந்தத் தெருவில்தான் அவர்களுடைய கிட்டங்கிகள். கிட்டங்கி என்றால் நீளமான ஒரு கூடம். வரிசையாக ஆளுக்கொரு பெட்டி. அதன் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கணக்கு எழுதுவார்கள். பகலில் அதுவே ஆபீஸ், ராத்திரி அதுவே படுக்கை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. ஊரில் இருக்கிற முதலாளிக்காக வந்த ஏஜென்ட்டுக்குப் பொதுவாக மூன்று வருஷத் தவணை. மனைவி மக்கள் செட்டிநாட்டில். நகரம் மாறியபோது கிட்டங்கிகளும் போய்விட்டன. டேங்க் ரோட்டில் அவர்கள் 1859ல் கட்டிய தண்டாயுதபாணி கோயில் மட்டும் இருக்கிறது.

"மூணு வருஷம் முடிஞ்சா கணக்கை ஒப்படைச்சிட்டு ஊருக்குப் போகணும். அவங்களுக்குத் தேதி தெரியும், மாப்ளே" என்றான் டேலி. "எனக்குத் தெரியல."

பக்கத்தில் லாவ் பா சாட். 1894ல் வார்ப்பிரும்புத் தூண்களால் எழுப்பிய எண்கோண மார்க்கெட், இப்போது சாப்பாட்டுக் கடைகள். தே தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு சொன்னான். ஆபீஸில் ஆட்குறைப்பு. பதினொரு நாளாயிற்று. வேலை பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள் தங்க விடுவார்கள். அதற்குள் வேறு வேலை, இல்லையேல் ஊர். வெளிநாட்டு ஊழியரின் வருமான வரிக் கணக்கு முடிகிற வரை, வரவேண்டிய பணத்தையும் கம்பெனி நிறுத்தி வைக்க வேண்டும், சட்டம். அதையும் கணக்கு வாத்தியார் மாதிரி நிதானமாக விளக்கினான். பதினொரு நாளாகக் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு இதே தெருக்களில்தான் நடக்கிறான். கிட்டங்கி சரித்திரமெல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து படித்தது.

"வீட்ல தெரியுமா?"

"அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குத்தான்..." என்று இழுத்துவிட்டுச் சிரித்தான்.

"சிரிக்காதடா" என்றேன். "உங்கம்மாவுக்கு அந்தச் சிரிப்புதான் பயமா இருக்காம்."

சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் தே தாரிக் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை நாலு மணி முதல் ஐந்து மணி வரை, முஸ்தபா போகிற வழியில், பையும் கையுமாக இவனை நான் பார்த்திருந்தால் இதில் ஒரு வார்த்தை வெளியே வந்திருக்குமா? சிரித்தபடி பார்சலை வாங்கிக்கொண்டு, சிரித்தபடி டாக்ஸி ஏற்றி விட்டிருப்பான்.

* * *

அன்று ராத்திரி கருத்தரங்கு விருந்து. போகவில்லை. ஓட்டல் அறையில் அம்மாவின் பார்சலைப் பிரித்தோம். வடகம், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். சிராங்கூன் ரோடு கடையில் வெறும் சோறும் தயிரும் வாங்கி வந்து கட்டிலில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம். விருந்தில் ஏழு அயிட்டமாம், மறுநாள் சொன்னார்கள். ஊறுகாய் இருந்ததாகச் சொல்லவில்லை.

சாப்பிட்டு முடித்து, கை கழுவாமலே அவன் அம்மாவுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில். சொன்னான், சிரிக்காமல்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "இதுக்காடா அப்படிச் சிரிச்ச? வேலை கெடச்சா இரு. கெடைக்கலைன்னா வீட்டுக்கு வா. பார்சல் வந்துச்சா? ஊறுகாய் உப்பு சரியா இருக்கா?"

"சரியா இருக்கும்மா" என்றான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் போய் லிட்டில் இந்தியாவைப் பார்த்தேன். வீடியோ எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குப் பயன்படும் இரண்டு பேச்சை மட்டும் கேட்டேன். சீனப் பெரியவரைத் தேடிப் போய் நன்றி சொன்னேன். சனிக்கிழமை பூராவும் டேலியோடு. காலையில் டேங்க் ரோடு கோயில். அப்புறம் கால் போன போக்கு. முஸ்தபாவில் பதினைந்தே நிமிடம். தைலம் கிடைத்தது. டார்ச் லைட் கிடைத்தது. சென்ட்டின் பெயர் மறந்துவிட்டது. மைத்துனன் இன்றுவரை என்னோடு அளந்துதான் பேசுகிறான்.

உங்களில் யாருக்காவது இப்படி வெளிநாட்டுக் கருத்தரங்கு வாய்த்தால், அனுபவஸ்தன் சொல்கிறேன். கருத்தரங்குக்கு அச்சடித்த நிகழ்ச்சி நிரல் உண்டு. ஊருக்கு வரைபடம் உண்டு, திறக்கிற நேரம் மூடுகிற நேரம் உண்டு. நண்பனுக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. 'உனக்கு எப்ப சௌகரியமோ அப்ப' என்பான். ஆகவே நோட்டில் முதல் வரியாக அவனை எழுதுங்கள், அதுவும் வந்திறங்கிய முதல் நாளே. மிச்ச இடத்தில் மற்றதை நிரப்புங்கள். ஊர் சுற்றிக் காட்ட அவனைவிட நல்ல ஆள் கிடையாது என்பது உபரி வரவு.

டேலிக்கு அந்த 30 நாளில் அங்கே வேறு வேலை கிடைக்கவில்லை. ஊருக்கு வந்துவிட்டான். இப்போது உறையூரில் ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர். அண்ணாச்சிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறான். என் வருமான வரிக் கணக்கும் அவனிடம்தான். முதல் கூட்டலிலேயே டேலி ஆகிவிடுகிறது.

பீஸ் மட்டும் வாங்க மாட்டேன் என்கிறான். "555ல போட்டுக்கோ மாப்ளே" என்கிறான்.