மலையேற்றத்தில் சோர்வுறும் டீசல் லாரி

புளியறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மேற்கே செல்லும் பாரவண்டிகள் எஸ் வளைவு என்று வழங்கும் திருப்பங்களில் ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவை அடைகின்றன. செங்கோட்டைத் தாலுகாவின் பெரும்பகுதி 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது முதல் இவ்விடமே எல்லையாக இருந்து வருகிறது. பாவூர்ச்சத்திரம், சுரண்டை முதலிய சந்தைகளில் ஏற்றப்படும் காய்கறி இவ்வழியே கேரளத்துக்குப் போகிறது. லாரி வளைவில் நின்றுவிடுமாயின் தக்காளி காத்திராது. சந்தை நேரம் தப்பினால் விலையும் தப்பும்.

சொந்த லாரி வைத்திருக்கும் மிராசுதார்கள் பெரிதும் முறையிடுவது எப்பொழுதும் உள்ள பழுதைப் பற்றியன்று, வந்துபோகும் பழுதைப் பற்றியே. மலையில் இழுவை குன்றிய வண்டி, பட்டறையில் நிறுத்தியவுடன் யாதொரு குறையுமின்றி ஓடுகிறது. உடனே பம்பைக் கழற்று, நாசிலை மாற்று என்று பெருஞ்செலவு செய்யப்படுகிறது; அடுத்த பாரத்திலும் அதே வளைவில் அதே சோர்வு. பரீட்சிக்காமல் உறுப்புகளை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

பழுது நேரும் தருணத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும். இழுவை குறையும்போது புகையை முதலில் நோக்குக. கறும்புகை மிகுந்தால் இஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை. காற்று பில்டர் அடைபட்டிருக்கும், அல்லது டர்போக் குழாய் பிளந்திருக்கும். புகையே இன்றிச் சோர்ந்தால் டீசல் போதவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

டீசல் போதாமைக்குக் காரணங்கள் எளியவை. தொட்டிக்குள் கிடக்கும் துணித்துண்டு உறிஞ்சுகுழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தியவுடன் உறிஞ்சுதல் நின்று அது விலகிவிடும். பத்து நிமிஷம் ஓய்வு கொடுத்தால் வண்டி நன்றாக ஏறுவதன் இரகசியம் பல வேளைகளில் இதுவே. இவ்வாறன்றி, தொட்டி மூடியைத் திறந்தவுடன் 'உஸ்' என்று காற்று உள்ளே புகுந்து இழுவை மீளுமாயின், மூடியின் காற்றுத்துவாரம் அடைபட்டுள்ளது. டீசல் குறைவாயிருக்கையில் ஏற்றச் சரிவில் குழாய்வாய் வெளிப்பட்டுக் காற்றை உறிஞ்சுவதும் உண்டு. இணைப்புகளில் காற்றுப் புகுகிறதா என்றறிய, தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்த்துண்டு ஒன்றைச் சேர்த்து, குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். வீட்டில் பீப்பாயில் டீசல் வைத்திருப்போர், அடியில் தங்கும் நீரும் வண்டலும் கலவாமல் மேல்பாகத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

இனி மின்சாரம். பழைய லாரியில், ஸ்டார்ட் ஆனபின் இஞ்சினுக்கு மின்சாரம் தேவையில்லை என்பது பொதுவாக உண்மையே. ஆனால் டீசலைத் திறந்து வைக்கும் சாலினாய்டு பொருத்திய பம்புகள் வேறு. அதற்குச் செல்லும் ஒயர் ஒரு கணம் விட்டால் டீசல் அடைபட்டு இஞ்சின் அறுந்தாற்போல் நிற்கும். ஆகவே இழுவை மெல்ல மெல்லக் குன்றியதா, திடீரென நின்றதா என்று டிரைவரைக் கேட்பது அவசியம். ஹாரன் அடித்தால் விளக்கு மங்குவதும், இண்டிகேட்டர் போட்டால் வேறு விளக்கு மினுக்குவதும் பெரும்பாலும் எர்த் பழுதின் அடையாளங்கள். சாரல் காலத்தில் இவ்வடிவாரத்து ஈரம் கிளாம்புகளில் பச்சை பூக்கச் செய்கிறது. வெளியே இறுகியதாய்த் தோன்றும் இணைப்பு உள்ளே அரித்திருக்கும்.

இதைக் கண்ணால் அறிய முடியாது, வோல்ட் மீட்டரால் அறியலாம். ஓய்விலிருக்கும் நிறைந்த பாட்டரி ஒன்று சுமார் 12.6 வோல்ட் காட்டும். இரண்டு பாட்டரி கொண்ட 24 வோல்ட் லாரியில், இஞ்சின் ஓடும்போது மொத்தம் ஏறக்குறைய 28 வோல்ட் இருக்க வேண்டும். எர்த் இணைந்துள்ள பாட்டரி மைனஸ் முனையில் ஒரு கம்பியும் இஞ்சின் உடம்பில் மற்றொன்றும் வைத்து, செல்ப் சுழலும்போது பார்த்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மறுபடி முடுக்குக. டைனமோ நன்றா என்றறிய இஞ்சின் ஓடுகையில் பாட்டரியைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் ஒழியவில்லை. அது டைனமோவின் டயோடுகளையே கெடுக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 லாரிகளில் டீசல் அளவு யாவும் கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் உள்ளது. மின்னழுத்தம் தாழ்ந்தாலோ, ஆக்ஸிலேட்டர் பெடலின் உணர்கருவி தவறினாலோ, அது தானே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். அத்தகைய வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பாட்டரியைக் கழற்றி அதை அணைக்கும் முன்பு பழுதுக் குறியீட்டைப் படித்து எழுதி வைக்க வேண்டும்.

வண்டியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்த இடம், எந்த கியர், எவ்வளவு பாரம், தொட்டியில் எவ்வளவு டீசல், மழையா வெயிலா, விளக்கு மங்கியதா என்று கிளீனர் அப்பொழுதே குறித்துவைப்பாராயின் மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்தது.

வளைவிலேயே இஞ்சின் நின்றுவிட்டால் காற்றுப் பம்பும் உடன் நிற்கும். பிரேக்குக்குத் தொட்டியில் சேர்ந்துள்ள காற்றே மிச்சம், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஆகையால் பின்னால் உருளவிட்டு ஸ்டார்ட் செய்யத் துணியாமல், கைப்பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தபின்பே இஞ்சினைத் தொடுக. கட்டைக்குப் பதிலாகக் கல் வைத்தவர்கள் புறப்படும்போது அதை ஓரமாக அகற்றிவிட வேண்டும். இரவில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அது தெரியாது.