படர் ரோஸ்மேரிக்கு எதிரி வெயில் இல்லை

ராயபுரம் முதல் எண்ணூர் வரை மாடித்தோட்டம் போட்டிருக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், மே மாச வெயில்ல தப்பிச்ச ரோஸ்மேரி, நவம்பர்ல ஏன் சாகுது?"

ரோஸ்மேரி மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகளில் வளர்கிற செடி. லத்தீனில் அதன் பெயருக்கே 'கடல் பனித்துளி' என்று பொருள் சொல்வார்கள். உப்புக்காற்றும் வெயிலும் தாங்கும். வேரில் நிற்கும் தண்ணியைத் தாங்காது. நம் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிற மழையில்தான் வேர் அழுகுகிறது.

அதனால் தொட்டியிலேயே வடிகாலைச் சரி பண்ணிடணும். மண் தொட்டி நல்லது. செம்மண், ஆற்றுமணல், செங்கல் சல்லி மூன்றும் சம பங்கு. மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும். தென்னை நார்க்கழிவு வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். கடற்கரை மணலும் வேண்டாம், உப்பு. தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, கிளைகளைக் கைப்பிடிச் சுவரில் தொங்க விடுங்கள்.

விரலை ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். போர் தண்ணி உப்பாக இருந்தால், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வடியும் வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள்.

செப்டம்பரில் நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் கொடுங்கள். இலையில்லாத முதிர்ந்த தண்டு வரை வெட்டினால் திரும்பத் துளிர்ப்பது அரிது. மழை பிடித்ததும் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்கள்.

பேங்க்ல ரிசர்வ் வைக்கிற மாதிரி, ஆகஸ்டிலேயே நாலு கன்று தயார் பண்ணிடுங்க. 10 செ.மீ. இளங்குச்சியின் கீழ்ப்பாதி இலையை உருவி ஈர மணலில் நட்டு நிழலில் வைத்தால், 4 முதல் 6 வாரத்தில் வேர் விடும். படர் வகையாச்சே, கிளையை மண்ணில் அழுத்திப் பதியம் போட்டாலும் பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. நம் பகுதியில் சாம்பலும் கரித்தூளும் இலையில் படியும். லேசான தூசி என்றால், நன்றாகக் கழுவிச் சமைக்கலாம். துடைத்தால் விரல் கறுக்கிற இடத்தில், செடி வாசனைக்கும் தேனீக்கும் இருக்கட்டும், சட்டியில் போடாதீர்கள். ரசாயனம் போடாததால் மட்டும் அது நஞ்சில்லாத உணவு ஆகிவிடாது. காற்றும் சுத்தமாக இருக்கணும் என்று நாம் கேட்பதும் இயற்கை விவசாயத்தில் ஒரு பாதி வேலைதான்.