தாயின் செவியும் சேயின் உடலும்

வெளிச்செவி முழுமையாக உருவாகாது பிறக்கும் பிள்ளைகளுக்குச் செவி அமைத்துக் கொடுப்பது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையின் மிகக் கடினமான பணிகளுள் ஒன்றாகும். முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படையினருக்குச் சிகிச்சையளித்துப் புகழ்பெற்ற ஹரோல்ட் கில்லிஸ், தாயின் செவியிலிருந்து குருத்தெலும்பை, அதாவது கசியிழையத்தை எடுத்துப் பிள்ளைக்குப் பொருத்தினார். 1937 ஆம் ஆண்டில் அவர் இம்முறையை விபரித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட செவிகள் இவ்வாறு சீரமைக்கப்பட்டன. ஆயினும், காலம் செல்லச் செல்ல அவை சிறுகச் சிறுகக் கரைந்து போயின. பெற்றவளின் கொடையையும் பிள்ளையின் உடல் அந்நியப் பொருளாகவே கண்டது.

பிறருடைய தோலை ஒட்டினால் அது சில வாரங்களுக்குள் உதிர்ந்துவிடும். இது நிர்ப்பீடனத் தொகுதியின் செயலே என்பதற்கு, 1943 இல் தோமஸ் கிப்சனும் பீற்றர் மெடவாரும் தீக்காயமுற்ற ஒருவரிடம் செய்த அவதானிப்பு வழிகாட்டியது. கசியிழையமோ அவ்வளவு விரைவில் நிராகரிக்கப்படுவதில்லை. அதில் குருதிக் கலன்கள் இல்லை. அதன் கலங்கள் அடர்ந்த தாயப்பொருளினுள் புதைந்து கிடக்கின்றன. வெண்குருதிக் கலங்கள் அவற்றை எளிதில் நெருங்க இயலாது. இதனாலேயே கசியிழையம் நிராகரிப்புக்கு அப்பாற்பட்டது என்ற நம்பிக்கை நிலவியது. ஆனால், கத்தி பட்ட விளிம்புகளில் கலங்கள் வெளிப்பட்டு விடுகின்றன. அங்கு தொடங்கும் அரிப்பு மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் தொடரக்கூடும். எதிர்ப்பு இல்லாமலில்லை, அது தாமதித்து வருகிறது.

1959 இல் அமெரிக்கரான ரட்போர்ட் டன்சர், பிள்ளையின் சொந்த விலாக் கசியிழையத்தைச் செதுக்கிச் செவியாக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் பெரிதும் கைக்கொள்ளப்படுவது இவ்வழியே. உடல் தன்னுடையதை நிராகரிப்பதில்லை. எனினும் கிருமித்தொற்றாலும் வளைவாலும் அந்த ஒட்டும் பழுதடைவதுண்டு. மார்பில் காயம் வேறு. போதிய விலா வளரும்வரை, ஆறு முதல் பத்து வயதுவரை, பிள்ளை காத்திருக்கவும் வேண்டும்.

முதுகில் மனிதச் செவி வளர்ந்த சுண்டெலியின் படத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த ஆய்வு 1997 இல் வெளியானது. அச்செவியில் இருந்தவை கன்றின் கலங்கள். சுண்டெலியோ, அவற்றை நிராகரிக்கும் ஆற்றல் பிறப்பிலேயே அற்றது. பத்திரிகைத்துறையினராகிய நாம் படத்துக்கு அளித்த இடத்தில் சிறு பங்கையேனும் இவ்விபரத்துக்கு அளிக்கவில்லை. செவியின்றிப் பிறந்த பிள்ளையின் பெற்றோர் அதனை எவ்வாறு வாசித்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கின்றோம்.

2018 இல் சீன மருத்துவர்கள், ஐந்து பிள்ளைகளின் சொந்தக் கலங்களைச் சட்டகமொன்றில் வளர்த்துப் பொருத்தியதாக அறிவித்தனர். கலங்கள் சொந்தமானவை, சட்டகம் அவ்வாறல்ல. அது உடலினுள் மெல்லக் கரைந்து மறையப் பல ஆண்டுகள் செல்லும். அறிக்கை வெளியானபோது, முதலாவது பிள்ளையே இரண்டரை ஆண்டுகள் மட்டுமே அவதானிக்கப்பட்டிருந்தது.