அம்பு வாலாட்டினால் முதலில் எதைப் பார்ப்பது?

(எபிசோடின் பேச்சை, வாசிக்க வசதியாகச் சுருக்கித் தந்திருக்கிறோம்.)

நெறியாளர்: இந்த வாரக் கேள்வி கள்ளக்குறிச்சி பக்கம் வடக்கனந்தலில் இருந்து வந்திருக்கு. ஒரு அப்பா எழுதியிருக்கார். மகளுக்கு 15 வயசு. பழைய காம்பவுண்ட் வில் ஒண்ணை, அம்புகளோடு சேர்த்து வாங்கிக் கொடுத்திருக்கார். கரும்பு வெட்டின வயல்லதான் பயிற்சி. ஒரு அம்பு நேரா போகுது, அடுத்தது மீன் மாதிரி வாலை ஆட்டிக்கிட்டுப் போகுது. "பாப்பாவுக்குக் கை சரியில்லைங்கறாங்க, வில்லை வித்துடலாமா"ன்னு கேட்கிறார். அடுத்த மாசம் தேர்வுப் போட்டி இருக்காம்.

பயிற்சியாளர்: விக்க வேண்டாம். கையைக் குறை சொல்றதும் கடைசியாத்தான் இருக்கணும். நான் அவங்ககிட்ட போன்ல பேசினேன். முதல்ல கேட்டது ஒண்ணுதான்: அம்புகளுக்கு நம்பர் போட்டிருக்கீங்களா? போடலை. மார்க்கர் பேனாவால ஒவ்வொரு அம்புலயும் 1, 2, 3ன்னு எழுதச் சொன்னேன். ரெண்டு நாள் எய்து, எந்த அம்பு எங்கே குத்துதுன்னு நோட்டுல குறிச்சாங்க. 4-ம் 7-ம் எப்பவும் ஓரமாப் போச்சு. ஒரே அம்பு திரும்பத் திரும்பத் தப்புன்னா அது அம்போட குறை. எல்லா அம்பும் மாறி மாறித் தப்புன்னா வில்லோ, எய்யறவரோ.

நெறியாளர்: 4-க்கும் 7-க்கும் என்ன ஆச்சு?

பயிற்சியாளர்: 7-ல ஒரு இறகு பாதி உரிஞ்சிருந்தது. 4-ல விரிசல். கார்பன் அம்பை எய்யறதுக்கு முன்னாடி ரெண்டு முனையையும் பிடிச்சு, உடம்புக்கு வெளிப்பக்கமா லேசா வளைச்சு, காதுகிட்ட வச்சுக் கேளுங்க. 'கிரீச்'னு சத்தம் வந்தா உடைச்சுப் போட்டுடுங்க. விரிசல் விட்ட அம்பு நாண் விடுபடும்போது சிதறி, வில் பிடிச்ச கைக்குள்ள ஏறும். காசு போகுதேன்னு பார்க்கவே கூடாத இடம் இது.

அப்புறமும் மத்த அம்புகள்ல ஆட்டம் நிக்கலை. அடுத்தது பவுடர். குழந்தைக்குப் பூசற டால்கம் பவுடரை இறகு மேலயும் ரெஸ்ட் மேலயும் தடவி ஒரு அம்பு எய்தா, இறகு எங்காவது உரசியிருந்தா அங்கே பவுடர் வழிச்சு விட்ட மாதிரி கோடு விழும். இவங்களுக்கு ஒரு இறகு ரெஸ்ட்டோட நாக்குல தட்டிக்கிட்டு இருந்தது. அம்பு நுனியில நாண் மாட்டற பிளாஸ்டிக் துண்டு இருக்கே, நாக்குன்னு சொல்வோம், அதைக் கொஞ்சம் திருப்பி வச்சா இறகு விலகிடும். ஒரு பைசா செலவில்லை. பாதி ஆட்டம் அதுலயே போயிடுச்சு.

நெறியாளர்: மீதிப் பாதி?

பயிற்சியாளர்: அதுக்குத்தான் பேப்பர். பழைய போட்டோ சட்டத்துல தினசரித் தாளை இழுத்து ஒட்டணும். அதுக்குப் பின்னால ஒண்ணரை, ரெண்டு மீட்டர் தள்ளி இலக்கு. நாம தாளுக்கு ரெண்டு மீட்டர் முன்னால நின்னு, தோள் உயரத்துல நேரா எய்யணும். அம்பு சுத்தமாப் போனா முனை ஒரு ஓட்டை, அதைச் சுத்தி மூணு இறகுக் கீறல். வால் மேல தூக்கிப் போனா கிழிசலும் மேல போகும். அப்போ நாண்ல அம்பு மாட்டற இடம் உயரமா இருக்கு. அதை இறக்கணும், இல்லை ரெஸ்ட்டை ஏத்தணும். வால் கீழ கிழிச்சா அதுக்கு எதிர்.

பக்கவாட்டுக் கிழிசல்தான் குழப்பும். ரிலீஸ் வச்சு எய்யறவங்களுக்கு, வால் இடப்பக்கம் கிழிச்சா ரெஸ்ட்டை வலப்பக்கம் நகர்த்திப் பாருங்க. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம். கிழிசல் பெருசானா பழைய இடத்துக்கே கொண்டு வாங்க. ஒவ்வொரு மாத்தத்துக்கும் மூணு அம்பாவது எய்யணும், ஒரு கிழிசலை நம்பாதீங்க. ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தவும் கூடாது, எது உதவிச்சுன்னே தெரியாமப் போயிடும்.

நெறியாளர்: அவங்களுக்கு அது சரியாச்சா?

பயிற்சியாளர்: ஆகலை. ரெஸ்ட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் கிழிசல் குறையவே இல்லை. அப்பத்தான் அம்பு மேல என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். 340ன்னு சொன்னார்.

அது ஸ்பைன் எண், அம்போட விறைப்பு. 28 அங்குல இடைவெளியில அம்பைத் தாங்கி, நடுவுல 880 கிராம் தொங்கவிட்டா எவ்வளவு வளையுதுன்னு அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்காச் சொல்றது. 340ன்னா 0.340 அங்குலம். எண் குறையக் குறைய விறைப்பு அதிகம். நாண் தள்ளும்போது எந்த அம்பும் வளைஞ்சு நிமிர்ந்துதான் போகும். அந்த வளைவு வில்லோட பலத்துக்குப் பொருந்தணும். இந்த 340 அம்பு முன்னாடி வச்சிருந்தவரோடது, பெரிய ஆள், பெரிய இழுவை. பாப்பா வில்லை 38 பவுண்டுக்கு இறக்கி வச்சிருக்கா, இழுப்பு நீளமும் குறைவு. அவளுக்கு 600, அதுக்கு மேலயும் எண் உள்ள அம்புதான் சரிப்படும். எடை கூடின முனை போட்டா விறைப்பு கொஞ்சம் குறைஞ்ச மாதிரி ஆகும்தான், ஆனா இவ்வளவு தூர வித்தியாசத்தை அது மூடாது.

நெறியாளர்: அப்போ கையில தப்பே இல்லையா?

பயிற்சியாளர்: கொஞ்சம் இருந்தது, வீடியோல பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறா, விடும்போது வில் முறுக்கிக்குது. பெருவிரல் பக்கத்துச் சதை மேல வில்லை அமர்த்தி, விரல்களைத் தளர்வா விட்டு, மணிக்கட்டுல கயிறு போட்டுக்கச் சொல்லியிருக்கேன். ரெண்டு கேமும் ஒரே நேரத்துல நிக்குதான்னு இன்னொருத்தர் பக்கத்துல நின்னு பார்க்கணும். ஒண்ணு முந்தினா நாண் இழுபட்டிருக்கலாம். அதை வீட்டுல பிரிக்காதீங்க, பிரஸ் இருக்கற இடத்துக்குக் கொண்டு போங்க. அம்பு இல்லாம நாணை இழுத்து விடறது எப்பவும் கூடாது, வில்லே வெடிச்சுடும்.

நெறியாளர்: காம்பவுண்ட் எடுக்கற பிள்ளைங்க இப்போ கூடிட்டாங்க இல்லையா?

பயிற்சியாளர்: ஆமாங்க. 2023-ல ஹாங்சோ ஆசியப் போட்டியில காம்பவுண்டுல இருந்த 5 தங்கத்தையும் நாமதான் எடுத்தோம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல காம்பவுண்ட் கலப்பு அணியும் வருது. ஆனா 50 மீட்டர்ல 10 புள்ளி வட்டம் 8 சென்டிமீட்டர்தான். ஆடற அம்பை வச்சு அதைத் தொடர்ந்து அடிக்க முடியாது.

அந்த அப்பாகிட்ட, புது வில்லுக்குச் சேர்த்த பணத்துல அவ அளவுக்கு 6 அம்பு மட்டும் வாங்கச் சொன்னேன். இன்னொண்ணு: வயல்ல இலக்குக்குப் பின்னால கல்வராயன் மலை தெரியுதாம், அதனால பயமில்லைன்னார். மலை தூரத்துல இருக்குங்க, நடுவுல ஆடு மேய்க்கறவங்க இருப்பாங்க. உயரமான மண்மேடு போட்ட பிறகுதான் எய்யணும்னு சொல்லியிருக்கேன். புது அம்பு வந்ததும் மறுபடி பவுடர், மறுபடி பேப்பர். கிழிஞ்ச தாளைப் படம் எடுத்து அனுப்பறேன்னு பாப்பாவே சொல்லியிருக்கா.