பூச்சு மினுங்கினால் போதுமா?

பயிரைக் காக்க விவசாயி வைத்திருக்கும் பழைய துவக்கின் மரப்பிடி வெடித்தால், வெடிப்பை மறைத்து வார்னிஷ் பூசிக் கொடுப்போரும் உண்டு. சுடும்போது அந்தப் பிடி பிளந்தால் காயப்படுவது வாங்கியவர்தான்.

எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. அசிட்டோனால் எண்ணெயை எடுத்து, எபொக்சி இட்டு, இறுக்கிக் காயவிட வேண்டும். பிறகு எடையைச் சமப்படுத்த வேண்டும். தோட்டா இல்லாத இரட்டைக்குழல் துவக்கை, குழல் மடியும் கீலுக்கருகே தாங்கினால் ஏறக்குறைய நேராக நிற்பது நல்லது. குழல்பக்கம் தாழ்ந்தால், பிடியின் அடியில் துளையிட்டு ஈயம் வைப்பார்கள்.

இந்த உழைப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் கூலி இதற்குத்தான். விற்கும்போது திருத்திய இடத்தைக் காட்டி, பில்லிலும் எழுதிக் கொடுங்கள் என்பேன். விலை சற்றுக் குறையலாம். குறையைச் சொல்லி விற்ற காசில்தான் பரக்கத் இருக்கிறது.