விளிம்பில் மிச்சம் இருக்கிறதா?

மாலை டீக்கு வந்த மாமா, கையில் சாத்துக்குடியோடு கேட்டார்: "தோல் புற்றுநோய் ஆபரேஷன்ல ஏஐ பார்த்துச் சொல்லுதாமே, அப்புறம் டாக்டர் எதுக்கு?"

பதிலுக்கு 1930-களின் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் என்ற மருத்துவர், தோல் கட்டியின் மேல் துத்தநாகக் குளோரைடு களிம்பைப் பூசி, அது சதையை இறுக்கிய பிறகு அடுக்கடுக்காக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். களிம்பு வலித்தது; காத்திருப்பும் நீண்டது. பிற்பாடு களிம்பு போய், மரத்துப்போக ஊசி போட்டு எடுத்த சதையை உறையவைத்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. பெயர் இன்றும் மோஸ் சர்ஜரிதான்.

அதன் சூட்சுமம் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. மாமாவிடம் அரைச் சாத்துக்குடித் தோலை வாங்கிக் காட்டினேன். "இதுதான் வெட்டியெடுத்த சதைன்னு வச்சுக்குங்க. கட்டி உள்ளே இருந்தது. நமக்குத் தெரிய வேண்டியது வெளிப்பக்கம் வரைக்கும் வேர் வந்திருக்கான்னு." வழக்கமான முறையில் ரொட்டி போல நிறுத்தி வெட்டி, சில துண்டுகளை மட்டும் பார்ப்பார்கள். விளிம்பில் ஒரு சதவீதம்கூடக் கண்ணில் படாது; துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே வேர் தப்பிவிடலாம். மோஸ் முறையில் இந்தக் கிண்ணம் போன்ற சதையின் ஓரங்களை அமுக்கித் தட்டையாக்குவார்கள். பக்கமும் அடியும் ஒரே தளத்துக்கு வந்துவிடும். அப்படியே உறையவைத்து அந்தத் தளத்திலிருந்து மெல்லிய சீவல் எடுத்தால் முழு விளிம்பும் ஒரே ஸ்லைடில். ஓரங்களுக்கு வண்ண மை தடவி வரைபடமும் போட்டிருப்பதால், நோய் மிச்சமிருக்கும் இடத்தை மட்டும் திரும்பப் போய் எடுக்கலாம். மூக்கு, இமை, காது போன்ற இடங்களில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முகத்தின் அழகல்லவா. பேசல் செல் என்ற வகைத் தோல் புற்றுநோய் முதன்முறை வரும்போது குணமாகும் விகிதம் 99 சதவீதம் வரை போகிறது.

கஷ்டம் காத்திருப்பில். மூக்கில் கட்டோடு நோயாளி வெளியே உட்கார்ந்திருப்பார். ஒரு சுற்றுக்கே ஒரு மணி நேரம் ஆகலாம். ஏஐ வருவது இங்கேதான். ஸ்லைடை ஸ்கேன் செய்து, படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொன்றிலும் நோய் உண்டா என்று பார்த்துக் குறிக்கிறது. டார்ட்மவுத் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட வேலையில், குறித்த இடத்தைக் காயத்தின் வரைபடத்திலேயே காட்டவும் முயன்றார்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் மிலிந்த் ராஜாத்யக்ஷா குழு உருவாக்க உழைத்த கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்போ உறையவைப்பதையே தவிர்க்கிறது: சதையில் சாயம் ஏற்றி லேசரால் படமெடுத்து, மருத்துவர் கண்ணுக்குப் பழகிய ஊதா, இளஞ்சிவப்பு நிறங்களைக் கம்ப்யூட்டரே கொடுத்துவிடும்.

"அப்போ டாக்டர்?" மாமா விடவில்லை.

டாக்டர் ஏன் வேண்டும் என்பதற்கு மூக்கையே பாருங்கள்: அங்கே முடிக்கால்கள் ஏராளம். குறுக்கே வெட்டுப்பட்ட முடிக்கால் ஸ்லைடில் கரு ஊதா உருண்டையாகத் தெரியும். பேசல் செல் கட்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கட்டியின் ஓரத்தில் செல்கள் வேலிக்கால் நட்டதுபோல வரிசையாக நிற்கும், சுற்றி ஒரு மெல்லிய விரிசல் இருக்கும். பழகிய மருத்துவரையே நின்று யோசிக்கவைக்கும் இடம் அது. இயந்திரமும் இங்கே தடுமாறலாம். அதைவிடப் பெரிய விஷயம், சீவலில் ஒரு மடிப்போ ஓட்டையோ விழுந்து, தோலின் ஓரம் ஸ்லைடில் ஏறாமல் போனால், இல்லாததை எந்த ஏஐயும் பார்க்க முடியாது. என்னைக் கேட்டால், "நோய் இல்லை" என்பதற்கு முன்னால் "இந்த ஸ்லைடு முழுசா இல்லை" என்று சொல்லத் தெரிந்த கருவிதான் ஆபரேஷன் அறைக்குள் நுழையத் தகுதியானது.

மாமா, உங்களுக்கும் ஒரு வார்த்தை. முகத்தில் ஒரு புண் பொருக்கு உதிர்வதும் கசிவதுமாக நாலு வாரம் தாண்டியும் ஆறாமல் இருந்தால், மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சின்னதாக இருக்கும்போதே போனால் வெட்டும் சின்னதாக முடியும்.